படத்தில் இல்லாத தம்ளர்

7-11-83, திங்கள்

விடியும் முன்பே மழை. தீபாவளி வெடிக் காகிதங்கள் ரோட்டில் ஊறி, சாக்கடை முழுக்கச் சிவப்பு. குடையில் ஒரு கம்பி போய்விட்டது. பழுது பார்க்கக் கொடுக்க வேண்டும்.

அனுப்பிய செய்திகள்: பஸ் நிலையத்தில் தண்ணீர் தேக்கம். பருத்தி வரத்துக் குறைவு. புளியங்குடி எலுமிச்சை வண்டிகள் தாமதம். மூன்றில் ஒன்று பேப்பரில் வந்தால் அதிர்ஷ்டம்.

பதினோரு மணிக்கு மேற்கு ரோட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள். தலைமையாசிரியர் (இனி த.ஆ.) கூப்பிடுகிறாராம். அடுத்த திங்கள் குழந்தைகள் தினம், டிராயிங் சாரின் படம் வந்துவிட்டது, பேப்பரில் போட வேண்டும். சைக்கிளில் போனேன். நனைந்தேன்.

டிராயிங் சார் தேவசகாயம் (இனி தே.). பள்ளிக்கூட வேலைக்கு முன்பு தியேட்டர் பேனர் எழுதியவர். இப்போதும் லீவு நாட்களில் சுவர் விளம்பரம் எழுதுகிறார். அவரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு சித்திரப் படம் செய்திருக்கிறார்கள். அசையும் படம். கேமராவும் புரொஜக்டரும் பாளையங்கோட்டையில் ஒரு பாதிரியாரிடம் இரவல். பிலிம் மெட்ராஸ் போய்க் கழுவி வந்திருக்கிறது. தகர டப்பாவைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக் காட்டினார்.

இது தொடங்கிய கதையை இங்கே எழுதி வைக்கிறேன். ஜூலையில் ஒரு வேன் வந்து பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டுச் சித்திரப் படம் காட்டியது. இளவரசி ரோஸ் நிறம். காட்டில் இருக்கும் திருடர்கள் தார் நிறம், தடித்த உதடு, தலையில் எலும்பு. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் முதல் பேச்சியம்மாளுக்குப் பெயர் ‘காட்டுக்காரி’. ஏழாம் வகுப்பு, காலனிப் பெண், நல்ல கறுப்பு. வருகை எடுக்கும்போது ஒரு வாத்தியாரே சிரித்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னாராம். அந்த வாரம் பேச்சி முகம் முழுக்கப் பவுடர் அப்பிக்கொண்டு வந்தாள். வேர்வையில் கோடு கோடாக இறங்கியது. தே. அதைப் பார்த்தார்.

அவளை உட்கார வைத்து வரைந்தார். கதாநாயகி அவள்தான்.

“பேனர்ல நல்லவனுக்கு ரோஸ், கெட்டவனுக்குப் பச்சை. எத்தனை வருசம் அண்ணாச்சி! பேச்சி மூஞ்சிய வரைஞ்சிட்டு பிரஷ்ஷ எடுக்கேன், கை தானா ரோஸ் டப்பாக்குப் போய் நிக்கி.”

பிறகு பிள்ளைகள் வரிசையாகக் கையை நீட்டி, பேச்சியின் கையோடு சேர்த்து வைத்து, நிறம் கலந்தார்களாம். நாளைக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். என்னையும் வரச் சொன்னார்.

8-11-83, செவ்வாய்

மழை விட்டு விட்டு. வயிறு சரியில்லை. காலையில் இட்லி மட்டும்.

ஏழாம் வகுப்புச் சுவரில் படம். ஜன்னல்களைப் பூகோளப் படங்களால் மறைத்தார்கள். பார்த்தவர்கள்: த.ஆ., தே., நான். பியூன் வாசலில். டீ கொண்டுவந்த சுப்பையா, முக்கு டீக்கடைக்காரர், தூக்குவாளியுடன் அப்படியே நின்றுவிட்டார்.

கதை எளிது. குளத்து மடை அடைத்துக் கிடக்கிறது. தண்ணீர் ஏறுகிறது. கரை உடையப் போகிறது. பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். ஒரு சிறுமி நடந்து வருகிறாள், வழியில் டீக்கடையில் நின்று டீ குடிக்கிறாள், குளத்தில் முங்கி அடைப்பைப் பிடுங்குகிறாள். அவ்வளவே. படத்துக்குச் சத்தம் கிடையாது.

படம் வரைந்தது ஆஸ்பத்திரியில் கழித்த எக்ஸ்ரே பிலிம்களின் மேல். பிளீச்சிங் பவுடரில் ஊற வைத்துத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகிறதாம். முழுதாகப் போகவில்லை. எல்லாவற்றிலும் மெல்லிய நீலம். சில இடங்களில் வானத்தில், மேகத்துக்குப் பின்னால், யாரோ ஒருவருடைய விலா எலும்பு. அந்த மனிதர் இப்போது இருக்கிறாரோ இல்லையோ. பார்க்க நன்றாக இல்லை. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

பேச்சி பேச்சியாகவே இருக்கிறாள். அதே நெற்றி, அதே நிறம், நடக்கும்போது இடது தோளைச் சற்று உயர்த்துவதுகூட.

டீக்கடை வந்ததும் சுப்பையா சிரித்தார்.

“என் கடைல்லா இது. வேப்பமரம், பெஞ்சு, அந்தா பாரும், பாய்லர்ல ஒடுக்குகூட இருக்கு!”

அடுத்து, படத்தில் சிறுமி கையைத் தூக்கி வேப்பமரத்து ஆணியில் தொங்கும் அலுமினியத் தம்ளரை எடுக்கிறாள். தொட்டித் தண்ணீரில் கழுவுகிறாள். நீட்டுகிறாள். கடைக்காரர் எட்ட நின்று மேலே இருந்து ஊற்றுகிறார். அவள் தரையில் குந்திக் குடிக்கிறாள். கழுவி மறுபடி ஆணியில் மாட்டுகிறாள். பின்னால் பெஞ்சில் இருப்பவர்கள் கையில் கண்ணாடிக் கிளாஸ்.

சுப்பையாவின் சிரிப்பு நின்றுவிட்டது. த.ஆ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தே. என் பக்கம் குனிந்து கேட்டார்: “கை தூக்குறது நல்லா வந்திருக்கா அண்ணாச்சி? அதுக்குத்தான் ரொம்பப் பாடுபட்டேன்.”

அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கடைக்கு எதிரே உட்கார்ந்து, வந்து போகிறவர்களைப் பார்த்து வரைந்திருக்கிறார். காலனிச் சிறுமி டீ குடிப்பது எப்படியோ அப்படி. பார்த்ததை வரைந்தார். பேனரில் கிடையாத பழக்கம் அது, புதிதாகக் கற்றுக்கொண்டது.

டீ ஆறிப் போயிருந்தது. யாரும் குடிக்கவில்லை.

9-11-83, புதன்

மேகமூட்டம். காற்று இல்லை.

வேண்டுமென்றே முக்கு டீக்கடைக்குப் போனேன். கண்ணாடிக் கிளாஸில் டீ. ஆணியைப் பார்த்தேன். ஆணிகள், ஒன்றல்ல. மரப்பட்டை அவற்றைச் சுற்றிப் புடைத்து வளர்ந்திருக்கிறது. அவ்வளவு பழசு.

சுப்பையா பாய்லரை விட்டு வெளியே வந்தார். குரல் தாழ்வாக.

“நானா தொங்கவிட்டேன் அண்ணாச்சி? எங்கப்பா காலத்துல இருந்து தொங்குது. இப்ப ஒரு ஆபீசர் படத்தப் பாத்தா எம்மேல கேஸ். எடுத்துப்போட்டா மேலத்தெருவுல ஒருத்தரும் இங்கன டீ குடிக்க மாட்டாவ. நான் என்ன செய்ய?”

சட்டப்படி குற்றம் என்பது அவருக்கும் தெரியும். படத்தைப் பற்றி யாரிடமெல்லாம் சொன்னீர் என்று கேட்டேன். பெரியவரிடம் மட்டும்தான் என்றார்.

பெரியவர்: பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர். வத்தல் மண்டி. மேலத்தெரு. பள்ளிக்கூடம் நிற்கும் இடமே அவர்கள் கொடுத்தது. மேற்கு ரோட்டில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. இங்கேயும் எழுதவில்லை.

திரும்பும்போது பள்ளிக்கூட வாசலில் அவருடைய ஜீப். உள்ளே த.ஆ. எழுந்து நின்றபடி.

பழுதுக்குக் கொடுத்த குடையை வாங்க மறந்துவிட்டேன்.

10-11-83, வியாழன்

இரவெல்லாம் மழை. கூரையில் ஒரு ஒழுகல், சட்டி வைத்தேன்.

பெரியவர் கூப்பிட்டனுப்பினார். மண்டி. வத்தல் நெடியில் தும்மல். அவர் தும்முவதே இல்லை. சுக்குக் காப்பி சொன்னார், மரியாதையாகப் பேசினார். பேச்சை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன், பெரும்பாலும் அப்படியே.

“புள்ளைங்க பாக்கப் போற படம். எம் பேரனும் முன்னால உக்காந்து பாப்பான். சின்னப் புள்ள. அவனுக்கு இதெல்லாம் தெரியாது.”

தினமும் அந்த ரோட்டில்தானே பள்ளிக்கூடம் போகிறான் என்றேன்.

“ரோட்டுல பாக்கது வேற வே. ரோட்டுல பாத்தா கேக்க மாட்டான். படத்துல பாத்தா ஏன்னு கேப்பான்.”

காப்பியைக் குடித்தேன். இத்தனை வருட வேலையில் இவ்வளவு சரியாக ஒருவர் ஒரு விஷயத்தைச் சொல்லிக் கேட்டதில்லை.

அவர் கேட்டது இரண்டு. தம்ளர் இருக்கக் கூடாது. பேச்சியின் முகம் மாற வேண்டும்.

“கதாநாயகின்னா ஒரு லட்சணம் வேண்டாமா? கொஞ்சம் வெளுப்பாக்குனா என்ன? பேனர்ல அவன் வெளுப்பாக்காத ஆளா?”

எழுந்தபோது தோளில் கை வைத்தார். கை சூடாக இருந்தது.

“அந்த டிராயிங்காரன் புள்ளகுட்டிக்காரன். நீரு எடுத்துச் சொல்லும்.”

சாயங்காலம் பஸ் நிலையச் சுவரில் தே. எழுதிய சோப்பு விளம்பரம், ரயில்வே கேட் பக்கம் எழுதிய உர விளம்பரம், இரண்டிலும் தார். அள்ளி வீசியதல்ல. வாளி வைத்து, தூரிகையால், எழுத்தின் மேல் மட்டும், நிதானமாகப் பூசியது. அவசரப்படாதவர்கள் செய்த வேலை.

11-11-83, வெள்ளி

மழை இல்லை. கொசு.

தே. வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் அங்கே மாடசாமி, பேச்சியின் அப்பா. மண்டியில் மூட்டை தூக்குகிறவர். படி ஏறாமல் வாசலில் நின்றார். தே. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. பேச்சியும் கூட வந்திருந்தாள், அப்பாவுக்குப் பின்னால்.

நேற்று முதல் மாடசாமிக்கு வேலை இல்லையாம். யாரும் திட்டவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூட்டை அடுக்கும்போது இவர் முறை வந்ததும் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்களாம். சாயங்காலம் வரை அப்படியே நின்றிருக்கிறார்.

“சார், எம் புள்ள மூஞ்சி அதுல வேண்டாம். எடுத்துருங்க. நாங்க அங்கன கெடந்து பொழைக்கணும்.”

தே. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை மாற்ற வேண்டுமானால் எல்லாப் படத்தையும் முதலிலிருந்து வரைந்து, மறுபடி படம் பிடித்து, மறுபடி மெட்ராஸ் அனுப்ப வேண்டும் என்று விளக்கினார். தொழில் விஷயம் பேசும்போது மட்டும் அவர் தலை நிமிர்ந்தது.

பேச்சி பேசினாள். முதல் தடவையாக அவள் குரலைக் கேட்கிறேன். கொஞ்சம் கரகரப்பு.

“சார், என்னைய எடுத்துட்டா மடைய யாரு தொறப்பா?”

மாடசாமி அவளை அடிக்கக் கை ஓங்கினார். அடிக்கவில்லை. கை அப்படியே நின்று, பிறகு தன் துண்டைச் சரிசெய்துகொண்டது.

போகும்போது பேச்சி தே.யிடம் கேட்டது: படம் கட்டாயம் போடுவீங்களா, எல்லாரும் பாப்பாங்களா. ஆமாம் என்றார். காட்டுக்காரி என்று கூப்பிட்டவர்களும் வருவார்களா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம்.

12-11-83, சனி

லேசான வெயில். துணி காய்ந்தது.

முடிவு: முகம் இருக்கும். தம்ளர் போகும். த.ஆ. நடுவில் நின்று பேசி, பெரியவர் சம்மதித்ததாகச் சொன்னார். ‘இப்போதைக்கு’ என்று அவர் சொன்னதாகவும் சேர்த்துச் சொன்னார்.

தே. வெட்டும்போது நான் இருந்தேன். பெரியவரின் ஜீப் டிரைவரும் இருந்தான், நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு. புது பிளேடு. ஜன்னல் வெளிச்சத்தில் பிலிமைத் தூக்கிப் பிடித்து, சிறுமியின் கை ஆணியை நோக்கி உயரும் இடத்தைத் தேடினார். அங்கே ஒரு வெட்டு. குடித்து முடித்துப் புறங்கையால் வாயைத் துடைக்கும் இடத்தில் இன்னொன்று. இரண்டு முனையையும் சுரண்டி, பசை தடவி, அமுக்கிப் பிடித்தார். மூச்சை அடக்கிக்கொண்டு செய்தார். தே.யின் மனைவி உள்வாசலில் கைக்குழந்தையுடன்.

வெட்டிய துண்டு தரையில் சுருண்டு கிடந்தது. டிரைவர் காலால் நகர்த்திக் காட்டினான்.

“அடுப்புல போடுங்க சார். பாத்துட்டு வரச் சொன்னாவ.”

போட்டார். சுருங்கி, கறுத்து, கெட்ட வாசனை. இரண்டு மாத வேலை. டிரைவர் அடுப்புக்குள் குனிந்து பார்த்து, குச்சியால் கிளறி, திருப்தியாக எழுந்தான். போகும்போது நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

தே. கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

13-11-83, ஞாயிறு

முடி வெட்டிக்கொண்டேன். குடை வாங்கினேன், வேறு கம்பி, நிறம் சேரவில்லை.

சலூனில் கேட்டது: “டிராயிங்காரன் ஏதோ படம் புடிச்சிருக்கானாமே.” “என்ன படம்?” “தெரியல. ஆனா நல்லதுக்கில்ல.” கத்தரி நிற்கவில்லை.

தே. சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டாராம். வழக்கமாக வாசலில் நின்று பேசுகிறவர்.

வேறு ஒன்றுமில்லை. மதியம் தூக்கம் வரவில்லை.

14-11-83, திங்கள்

காலை வெயில், மதியத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்தது. மழை வரவில்லை. வந்திருக்கலாம்.

குழந்தைகள் தினம். மிட்டாய். மூன்று மணிக்குப் பெரிய ஹாலில் படம். ஜன்னல்களை அடைக்கப் பெரியவர் மண்டியிலிருந்து சாக்குகள் அனுப்பியிருந்தார். நல்ல இருட்டு. ஆனால் சாக்கு முழுக்க வத்தல் தூசி. உட்கார்ந்த உடனே இருமல், தும்மல். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார்கள்.

முன்னால் நாற்காலிகள்: பெரியவர், கமிட்டி ஆட்கள், த.ஆ., நான். பெரியவர் மடியில் பேரன். பின்னால் தரையில் பிள்ளைகள், மேலத்தெருப் பிள்ளைகள் முதலில். காலனிப் பிள்ளைகள் கடைசியில், சுவரோரம். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை.

புரொஜக்டர் ஓடியது. பேச்சி திரையில் வந்ததும் பின்னாலிருந்து பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒரு சின்னப் பையன்: “ஏலே, நம்ம பேச்சிலே. நம்மள மாதிரியே இருக்கா.” யாரோ அடக்கினார்கள். மேலத்தெரு வரிசையில் ஒருவன் ‘காட்டுக்காரி’ என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான். நான் திரும்பிப் பேச்சியைத் தேடினேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேகத்துக்குப் பின்னால் அந்த விலா எலும்பு வந்து போனது.

டீக்கடை. வேப்பமரம். சிறுமி கையைத் தூக்குகிறாள்.

படத்தில் ஒரு குதி. சிறுமி புறங்கையால் வாயைத் துடைக்கிறாள்.

முன்வரிசையில் எல்லோரும் அசையாமல் இருந்தோம். வெட்டியது தெரியவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், சந்தேகம் கேட்கும் குரல், குறும்பு கொஞ்சமும் இல்லை:

“தம்ளர எங்க?”

இன்னொரு குரல்: “ஆணியில.”

“எடுக்கவே இல்லையே?”

“எடுத்துட்டா. எடு, பொறவு கழுவு.”

பிறகு ஒருவர் பின் ஒருவராக, பிறகு சேர்ந்து. வாய்ப்பாடு ஒப்பிப்பது போல. அந்தப் பிள்ளைகளுக்குச் சேர்ந்து சொல்லித்தான் பழக்கம். எடு. கழுவு. நீட்டு. குந்து. குடி. கழுவு. மாட்டு. சத்தமில்லாத படத்துக்கு அவர்கள் சத்தம் கொடுத்தார்கள். கோபம் எதுவும் இல்லை. விட்டுப்போன இடத்தை நிரப்பினார்கள், அவ்வளவே. அடுப்பில் எரிந்தது முழுவதும், ஒன்று விடாமல், வரிசை தப்பாமல், இருட்டில் நடந்தது. காலனிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

பேச்சி மட்டும் சொல்லவில்லை. திரையில் அவள் குளத்துக்குப் போய்விட்டாள்.

பெரியவரின் பேரன் மடியிலிருந்து திரும்பி, பின்னால் பார்த்தான். பிறகு தாத்தாவின் முகத்தைப் பார்த்தான்.

“எந்த ஆணி, தாத்தா?”

பெரியவர் திரையைப் பார்த்தார்.

“அவங்க ஏன் கழுவணும், தாத்தா?”

அவர் கை பேரனின் தலையில் இருந்தது. தடவவில்லை. வெறுமனே இருந்தது. திரையில் அடைப்பு பிடுங்கிக்கொண்டு தண்ணீர் பாய்ந்தது. பிள்ளைகள் எல்லோரும், இரண்டு பக்கமும், கை தட்டினார்கள். அதுதான் அந்த ஹாலில் எல்லோரும் சேர்ந்து செய்த ஒரே காரியம். பெரியவர் கடைசியாகத் தட்டினார். மூன்று தட்டு, ஒரே அளவில்.

சாக்கை இறக்கியதும் வெளிச்சம். எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது, வத்தல் தூசியால். யார் அழுதார்கள் என்று சொல்ல முடியாது.

பெரியவர் தே.யிடம் போனார். “நல்லா இருந்துது சார்வாள். பொறவு பாப்போம்.” பேரனைக் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போனார். பையன் ரோட்டுக்கு வந்ததும் வேப்பமரத்தின் பக்கம் இழுத்தான். அவர் தூக்கி ஜீப்பில் வைத்தார்.

செய்தி எழுதினேன். முழுவதும். கடைசி பஸ் புறப்படுமுன் டிரைவரிடம் கவரைக் கொடுத்தேன்.

15-11-83, செவ்வாய்

பேப்பரில் வந்தது: ‘குழந்தைகள் தினத்தை முன்னிட்டு மாணவர்கள் தயாரித்த சித்திரப் படம் திரையிடப்பட்டது. கமிட்டித் தலைவர் தலைமை வகித்தார். இனிப்பு வழங்கப்பட்டது.’ மூன்று வரி. இனிப்பு சரி.

மழைக்கால இருட்டு. மேற்கு ரோட்டுக்குப் போனேன். டீக்கடை அடைத்திருக்கிறது. தட்டி சாத்தி, கயிறு கட்டி. வேப்பமரத்தில் தம்ளர் இல்லை. ஆணிகளும் இல்லை. பிடுங்கிய இடத்தில் பட்டை பிய்ந்து, வெள்ளையாக, ஈரமாக. எதிரே நாலைந்து காலனிப் பிள்ளைகள் நின்று அந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் போய்விட்டார்கள்.

சுப்பையாவைக் கேட்டேன். கோவில்பட்டியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள். எப்போது வருவார் என்று தெரியாதாம்.

தே.யை இனி வரவேண்டாம் என்று த.ஆ. சொல்லிவிட்டார். தாளில் எதுவும் இல்லை, வாய்ச்சொல்தான். என்னிடம் சொல்லும்போது த.ஆ. மேசைமேல் இருந்த மிட்டாய்த் தட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். தே. புரொஜக்டரைக் கட்டிப் பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டார், குடும்பத்துடன். திருப்பிக் கொடுக்கத்தான் போகிறேன் என்றார். பெட்டிகள் நிறைய இருந்தன.

16-11-83, புதன்

காலனிக்குப் போனேன். மாடசாமி வீட்டில் இருந்தார். வேலை இன்னும் இல்லை. சொன்னார்: நேற்றுச் சாயங்காலம் இரண்டு ஆட்கள் வந்தார்கள். ஹாலில் கத்திய பிள்ளைகள் யார் யார் என்று கேட்டார்கள். பெயர் கொடுக்கவில்லை. அப்படியானால் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பெரியவர் வீட்டு வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். சத்தம் போடவில்லை. தண்ணீர் கேட்டார்கள், கொடுத்ததைக் குடிக்காமல் கீழே ஊற்றிவிட்டுப் போனார்கள்.

காலனியில் கூடிப் பேசி, கொஞ்ச நாளைக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று முடிவு. மன்னிப்பு பற்றி இரண்டு கட்சி. இன்று பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசை முழுவதும் காலி.

பேச்சி நாளை போவேன் என்கிறாள். அப்பாவும் அம்மாவும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

“நான் கத்தலையே சார். நான் படத்துல இருந்தேன், அவ்வளவுதான. அதுக்கு எதுக்கு வீட்ல இருக்கணும்?”

மாடசாமி என்னைப் பார்த்தார். பெரிய மனிதன், பேப்பர்காரன், ஏதாவது சொல்லுவான் என்று. எத்தனை மணிக்குப் புறப்படுவாள் என்று மட்டும் கேட்டேன்.

தலைமை நிருபருக்கு டிரங்க் கால் போட்டேன். சம்பவம் ஏதாவது நடந்ததா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். நடந்தால் கூப்பிடுங்கள் என்றார்.

17-11-83, வியாழன்

எட்டு மணிக்கே காலனி முக்கில் நின்றேன். சைக்கிளின் பின்சக்கரம் காற்று இறங்கியிருந்தது. முள்ளா, யாராவது பிடுங்கிவிட்டார்களா தெரியாது.

பேச்சி தனியாக வந்தாள். தலை வாரி, எண்ணெய் வைத்து. முகத்தில் பவுடர் இல்லை. இடது தோள் சற்று உயர்ந்து. தோளில் துணிப்பை.

வேப்பமரத்தைத் தாண்டும்போது ஜீப் பின்னால் வந்தது. ஹாரன் இல்லை. முந்தவும் இல்லை. அவள் நடை வேகத்துக்கு, முதல் கியரில். டிரைவரும் முன்னே ஒருவனும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மெதுவாகவும் ஆகவில்லை, வேகமாகவும் ஆகவில்லை. வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை.

நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளுக்கும் ஜீப்புக்கும் நடுவில் நடந்தேன். என்ஜின் சூடு முதுகில். டிரைவர் ஒரு தடவை மட்டும் பேசினான்: “நிருபர் அண்ணாச்சி, எத்தன நாளைக்கு நடப்பீரு?” பள்ளிக்கூட வாசலில் பேச்சி, சாயங்காலம் நாலு மணிக்கு விடுவார்கள் சார் என்றாள். நான் கேட்காமலே.

ஜீப் வாசலுக்கு எதிரே நிழலில் நின்றுவிட்டது. மதியம் பியூனிடம் கேட்டனுப்பினேன். இன்னும் அங்கேதான் நிற்கிறதாம். இப்போது இரண்டு ஜீப்.

மணி மூன்றரை. மேற்கே நன்றாக இருட்டிவிட்டது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கவில்லை. நடந்துதான் போக வேண்டும்.